25 கிலோ தொட்டிகள் கொக்கியைப் பிடுங்கிய கணக்கு

கடலூர் முதுநகரில், உப்பனாற்றுக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. கொல்லையில் நின்ற நான்கு தென்னைகளில் ஒன்றுதான் மிச்சம். 2011 டிசம்பர் 30ஆம் தேதி காலை தானே புயல் கரை கடந்தபோது மற்ற மூன்றும் சாய்ந்துவிட்டன. அந்த ஒற்றைத் தென்னைக்கும் வீட்டுப் பின்சுவருக்கும் நடுவே கம்பி கட்டி, மூன்று பூந்தொட்டிகளைத் தொங்கவிட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. தரையில் வைத்தால் ஆடு மேய்ந்துவிடுகிறது.

3 மி.மீ. ஜி.ஐ. கம்பி வாங்கினேன். சுவரில் துளை போட்டு, பிளாஸ்டிக் பிளக் வைத்துக் கொக்கி முடுக்கினேன். தென்னையில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி, அதன்மேல் கம்பியைக் கட்டினேன். முறுக்கி இழுத்துக் கட்டவில்லை. ஒரு சாண் அளவு தொய்வு இருந்தது, தளர்வாகத்தான் இருக்கிறது என்று நம்பினேன். சுவர்ப் பக்கம் டேபிள் ரோஸ், நடுவில் வெற்றிலைக்கொடி, மரத்துப் பக்கம் கற்பூரவள்ளி.

அன்று மாலை அந்த வழியாகப் போன பக்கத்து வீட்டு அண்ணன் நின்று பார்த்தார். நாற்பது வருடமாகக் கடலுக்குப் போகிறவர். "ஆத்துல படகு கட்டுறவன் எவனும் இப்படிக் கட்டமாட்டான் தம்பி. தண்ணி ஏறும், இறங்கும். கயித்துக்கு விட்டுக்கொடுக்கத் தெரியணும்" என்றார். "இது படகு இல்லையே அண்ணே, தொட்டிதானே" என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள் இரவு நல்ல காற்று. விடிந்து பார்த்தால் கொக்கி, பிளக், ஒரு கை அளவு சிமெண்ட் பூச்சு எல்லாம் சேர்ந்து தரையில் கிடந்தன. டேபிள் ரோஸ் தொட்டி தூள்தூள். கொக்கி நேராகவே இருந்தது, வளையக்கூட இல்லை. சுவரிலிருந்து அப்படியே உருவிக்கொண்டு வந்திருக்கிறது.

மூன்று தொட்டியும் சேர்ந்து 25 கிலோ. இரண்டு பக்கமும் பாதிப் பாதி என்றால் கொக்கிக்கு 12.5 கிலோ. அந்தக் கொக்கியைப் பிடித்து என் முழு எடையோடு தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் கம்பியைக் கட்டினேன். நான் 68 கிலோ. பிறகு எப்படி வந்தது? தொட்டி உடைந்த வருத்தத்தைவிட இந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை.

முதலில் ஒரு தாளில் போட்ட கணக்கு

டிப்ளமா படித்து இருபது வருடம் ஆனாலும் ஒரு விஷயம் மறக்கவில்லை. கயிறு தன் நீளவாக்கில் மட்டுமே இழுக்கும். கிட்டத்தட்டப் படுக்கையாக இருக்கும் கயிறு ஒரு எடையை மேலே தூக்க வேண்டும் என்றால், பக்கவாட்டில் பலமடங்கு இழுத்தால்தான் அதில் ஒரு சிறு பங்கு மேல்நோக்கிக் கிடைக்கும். நடுவில் ஒரே எடை தொங்கினால் கணக்கு எளிது: எடையை இடைவெளியால் பெருக்கி, தொய்வின் நான்கு மடங்கால் வகுத்தால் பக்கவாட்டு இழுப்பு வந்துவிடும். 25 கிலோ, 6 மீட்டர், தொய்வு 25 செ.மீ. என்று போட்டால் 150 கிலோ.

பார்த்ததும் திடுக்கிட்டது. ஆனால் என் எடை நடுவில் ஒரே இடத்தில் இல்லை. மூன்று இடம், மூன்று எடை. தொய்வும் நான் கண்ணால் குத்துமதிப்பாகச் சொன்னது. கயிறு எந்த வடிவத்தில் நிற்கும் என்பதே விசையைப் பொறுத்தது, விசை எவ்வளவு என்பது வடிவத்தைப் பொறுத்தது. ஒன்று தெரிந்தால் மற்றதைச் சொல்லலாம். இரண்டும் தெரியாதபோது சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்ப்பதைத் தவிர வழியில்லை. அதுவும் நேரியல் சமன்பாடுகள் அல்ல. வர்க்கமூலத்துக்குள்ளே மாறிகள் உட்கார்ந்திருக்கும், தாளில் பிரித்து எடுக்க முடியாது. எண்முறையில்தான், அதாவது எண்களை ஊகித்துத் திருத்தித் திருத்தித்தான், தேட வேண்டும்.

அளந்தவை: சுவரிலிருந்து தென்னைக் கட்டு வரை 6.00 மீட்டர். இரண்டு முனையும் ஒரே உயரம், 2.75 மீட்டர். கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூபை வைத்துச் சரிபார்த்தேன். தொட்டிகளை ஈர மண்ணோடு டிஜிட்டல் தொங்கு தராசில் மாட்டியதில் 8, 12, 5 கிலோ (உடைந்ததற்குப் பதில் வாங்கிய தொட்டியையும் அதே எடைக்கு நிரப்பினேன்). இந்தப் பதிவு முழுவதும் விசையையும் கிலோவிலேயே சொல்கிறேன். தராசு காட்டுவதும் அதைத்தான். நியூட்டனில் வேண்டுபவர்கள் 9.81-ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.

ஆறு மாறிகள் வைத்துத் தடுக்கி விழுந்தது

கம்பி வேண்டாம், கயிறு கட்டலாம் என்று முடிவு செய்து, எந்த நீளத்தில் கட்டுவது என்பதைக் கணக்குச் சொல்லட்டும் என்று உட்கார்ந்தேன். கயிற்றில் மூன்று முடிச்சுகள், ஒவ்வொன்றிலும் ஒரு தொட்டி. முடிச்சு நகராது, அதனால் கயிறு நான்கு சம துண்டுகள். முழு நீளம் 6.4 மீட்டர் என்றால் துண்டு 1.6.

பாடப்புத்தக வழி இதுதான்: ஒவ்வொரு முடிச்சின் இருப்பிடமும் தெரியாது, ஆகவே குறுக்கே ஒன்று, கீழே ஒன்று என்று முடிச்சுக்கு இரண்டு மாறிகள். ஒவ்வொரு முடிச்சிலும் பக்கவாட்டு விசைகளின் கூட்டல் பூச்சியம், செங்குத்து விசைகளின் கூட்டல் பூச்சியம். ஆறு மாறி, ஆறு சமன்பாடு. துண்டு தன் இயல்பு நீளத்தைவிட எவ்வளவு நீள்கிறதோ அந்த அளவுக்கு இழுவிசை, நீளவில்லை என்றால் பூச்சியம். கயிறு தள்ளாது அல்லவா. பைத்தான் நிரல்மொழியில் எழுதி, தொடக்க ஊகமாக முடிச்சுகளை ஒரே நேர்கோட்டில் 1.5 மீட்டர் இடைவெளியில் வைத்து ஓட்டினேன்.

உடனே நின்றுவிட்டது. பூச்சியக் கோவை அணி, அதாவது சமன்பாடுகளின் எண்களை அடுக்கிய கட்டம் ஒரே விடையைத் தராது, தீர்க்க முடியாது என்று செய்தி.

நிரலில் பிழை என்று நினைத்து ஒரு மாலை முழுக்கத் தேடினேன். பிழை நிரலில் இல்லை. 1.6 மீட்டர் துண்டை 1.5 மீட்டர் இடைவெளியில் வைத்தால் அது தொளதொளவென்று கிடக்கும். அந்த நிலையில் முடிச்சை ஒரு மில்லிமீட்டர் எந்தப் பக்கம் நகர்த்தினாலும் விசை மாறாது. ஊகத்தைத் திருத்தித் திருத்தி விடைக்குப் போக நான் நிரலில் வைத்திருந்த நியூட்டன் முறை கேட்பது ஒன்றே ஒன்று: "இங்கே கொஞ்சம் நகர்த்தினால் அங்கே எவ்வளவு மாறும்?" எல்லாக் கேள்விக்கும் பதில் பூச்சியம் என்றால் அது எந்தத் திசையில் போகும்?

சரி, கயிற்றை 6.0 மீட்டராகக் குறைத்து நேராக வைத்தால்? அப்போதும் அதே செய்தி. இது இன்னும் நுட்பமானது. 6 மீட்டர் நூலை நேராகப் பிடித்து, நடுவை 1 மி.மீ. கீழே அழுத்தினால் நூல் நீள வேண்டிய அளவு ஒரு மில்லிமீட்டரில் மூவாயிரத்தில் ஒரு பங்கு. நடைமுறையில் ஒன்றுமே இல்லை. இழுவிசை ஏறாத நேர்க்கயிற்றுக்குப் நீளவாக்கில் விறைப்பு உண்டு, செங்குத்தாக விறைப்பே கிடையாது. வீணைத் தந்தியை முறுக்கேற்றாமல் தொட்டுப் பார்த்தால் தெரியும். அணி அந்த உண்மையைத்தான் சொன்னது. கணினி சொல்லும் பிழைச் செய்தியில் பொருளின் இயல்பே அப்படியே தெரிந்ததைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

முடிச்சுகளை முதலிலேயே ஒரு மீட்டர் கீழே இறக்கி வைத்துத் தொடங்கியதும் விடை வந்தது. ஆனாலும் சில ஊகங்களில் தடுமாறியது, நடுவில் ஏதாவது ஒரு துண்டு தளர்ந்து மறுபடி பூச்சியத்தில் மாட்டிக்கொண்டது.

இரண்டே மாறிகள் போதும்

இரவு சாப்பிட்டுவிட்டுக் கொல்லையில் உட்கார்ந்திருந்தபோதுதான் தோன்றியது. தொட்டிகள் எல்லாம் நேராகக் கீழேதான் இழுக்கின்றன. எதுவும் பக்கவாட்டில் இழுக்கவில்லை. அப்படியானால் கயிற்றின் பக்கவாட்டு இழுப்பு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே அளவுதான். அதைக் 'கி' என்று வைத்துக்கொள்வோம். சுவர் முனையில் மேல்நோக்கிய தாங்கலைச் 'செ' என்போம். முதல் தொட்டியைத் தாண்டினால் செங்குத்து விசை செ−8, இரண்டாவதைத் தாண்டினால் செ−20, கடைசித் துண்டில் செ−25. அவ்வளவுதான். கி, செ இரண்டும் தெரிந்தால் நான்கு துண்டுகளின் சாய்வும் தெரிந்துவிடும்.

ஆகவே இப்படிச் செய்தேன். கி, செ இரண்டுக்கும் ஏதோ ஒரு மதிப்பை ஊகிக்கிறேன். சுவரிலிருந்து புறப்பட்டு ஒவ்வொரு துண்டாக நடக்கிறேன். ஒரு துண்டின் இழுவிசை என்பது கி-யின் வர்க்கமும் அந்தத் துண்டின் செங்குத்து விசையின் வர்க்கமும் கூட்டிய வர்க்கமூலம். துண்டின் நீளத்தைக் கி-யால் பெருக்கி இழுவிசையால் வகுத்தால் குறுக்கே போகும் தூரம், செங்குத்து விசையால் பெருக்கி வகுத்தால் கீழே இறங்கும் தூரம். நான்கு துண்டும் நடந்து முடித்ததும் தென்னைக் கட்டில் போய் நிற்க வேண்டும். அதாவது குறுக்கே சரியாக 6 மீட்டர், கீழே சரியாகப் பூச்சியம். எவ்வளவு தப்புகிறதோ அதை வைத்து ஊகத்தைத் திருத்த வேண்டும்.

கி = 20, செ = 12.5 என்று தொடங்கினேன். நடந்து போனால் கயிற்றின் முனை தென்னைக்கு 22.7 செ.மீ. முன்னாலேயே, கட்டைவிட 21 செ.மீ. உயரத்தில் நின்றது. இப்போது நான்கு சரிவுகள் வேண்டும்: கி கொஞ்சம் கூடினால் குறுக்குத் தூரம் எவ்வளவு மாறும், இறக்கம் எவ்வளவு மாறும், செ கூடினால் அவை எவ்வளவு மாறும். இந்த நான்கும் சேர்ந்த இரண்டுக்கு இரண்டு அணிதான் ஜேக்கோபியன். அதை வைத்து, பத்தாம் வகுப்பில் போடும் அதே ஒருங்கமைச் சமன்பாடுகளைப் போல, கி-யும் செ-யும் எவ்வளவு மாற வேண்டும் என்று கண்டுபிடிக்கிறோம். முதல் திருத்தத்தில் கி = 24.3, செ = 13.2. குறுக்குப் பிழை 4.8 செ.மீ. ஆனது. அடுத்த சுற்றில் கி = 25.8, பிழை 4 மி.மீ. கூட இல்லை. அதற்கடுத்த சுற்றில் கி = 26.0, செ = 13.3, பிழை என் டேப்பால் அளக்க முடியாத அளவு.

இந்தச் சுற்றுகளைக் கால்குலேட்டரிலேயே ஒருமுறை போட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அரை மணி நேரம் ஆகும். பிழை 22 செ.மீ.யிலிருந்து 5-க்கும், அங்கிருந்து அரைக்கும் கீழாக விழுவதைக் கையால் போட்டுப் பார்ப்பவருக்குத்தான் அந்த முறையின் வேகம் புரியும். நியூட்டன், ராப்சன் என்று இரண்டு பேர் பெயரைச் சொல்கிறோம். ராப்சன் தன் முறையை வெளியிட்டது 1690-இல். ஆனால் வகையீட்டைக் கொண்டு அதை எழுதி, இரண்டு மாறிகள் உள்ள இரண்டு சமன்பாடுகளுக்கு விரித்தவர் தாமஸ் சிம்ப்சன், 1740-இல். பரப்பு காணச் 'சிம்ப்சன் விதி' என்று நாம் படிக்கிறோமே, அதே சிம்ப்சன். நெசவுத் தொழிலிலிருந்து கணக்குக்கு வந்தவர். நான் கொல்லையில் போட்ட இரண்டு மாறிக் கணக்கு அப்படியே அவருடையது.

ஒரு எச்சரிக்கை. கி = 100 என்று தொடங்கிப் பார்த்தேன். முதல் சுற்றிலேயே கி மைனஸ் 500-ஐத் தாண்டிப் போய்விட்டது. அதாவது கயிறு சுவரைத் தள்ளுகிறதாம். காரணம் இருக்கிறது. விறைப்பாக நிற்கும் கயிற்றில் இழுப்பை எவ்வளவு கூட்டினாலும் குறுக்குத் தூரம் ஏறக்குறைய மாறுவதில்லை. சரிவு அவ்வளவு மட்டம். மட்டமான சரிவை நம்பிக் கோடு போட்டால் அது ஊரைத் தாண்டித்தான் தரையைத் தொடும். திருத்தத்தைச் செய்ததும் பிழை குறைகிறதா, கி நேர்மதிப்பாகவே இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் திருத்தத்தைப் பாதியாக்கு, அதுவும் போதாவிட்டால் மறுபடி பாதியாக்கு என்று நான்கு வரி சேர்த்தேன். அதற்குப் பிறகு எங்கே தொடங்கினாலும் 26-இலேயே வந்து நின்றது.

கயிறு சொன்னது வேறு

விடை சொன்னது இது. 6.4 மீட்டர் கயிறு என்றால் சுவர் முனையில் இழுவிசை 29 கிலோ, வெற்றிலைத் தொட்டி முடிச்சு 1.05 மீட்டர் தொங்கும். கயிற்றை 6.1 மீட்டராகக் குறைத்தால் 55 கிலோ, தொய்வு 52 செ.மீ. 6.02 மீட்டராக்கினால் 121 கிலோ, தொய்வு 23 செ.மீ. 30 செ.மீ. குறைத்ததற்கு ஏறிய இழுப்பைவிட, அதற்குப் பிறகு வெறும் 8 செ.மீ. குறைத்ததற்கு ஏறியது இரண்டு மடங்குக்கும் மேல். கண்ணுக்கு அழகாக, நேராகக் கட்ட வேண்டும் என்ற ஆசைக்குக் கொடுக்கும் விலை இது.

55 கிலோவைச் சுவர்ப் பூச்சிடம் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். பின்சுவரோடு ஒட்டிய கான்கிரீட் தூண் ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றியே கயிற்றைக் கட்டினால் கொக்கியே தேவையில்லை. அங்கிருந்தும் இடைவெளி 6 மீட்டர்தான். அண்ணன் வீட்டிலிருந்து 8 மி.மீ. நைலான் கயிறு கொடுத்தார். முடிச்சுக்கு முடிச்சு அளந்து, 6.1 மீட்டர் வரும்படி கட்டி, தொட்டிகளை மாட்டினேன்.

தொய்வு 52 செ.மீ. வர வேண்டும். டேப் காட்டியது 87.

தூண் முனையில் தொங்கு தராசை இடையில் மாட்டிப் பார்த்தேன். 55 இல்லை, 34.2 கிலோ. என் தராசு 50 வரைதான் காட்டும். உடைந்துவிடுமோ என்று பயந்துகொண்டே மாட்டியது, சாதுவாக நின்றது. சமன்பாட்டைத் தீர்த்ததில் தப்பில்லை. சமன்பாட்டில் எழுதாமல் விட்டதில்தான் தப்பு. துண்டின் நீளம் மாறாது என்று எழுதியிருந்தேன். நைலான் அப்படிப்பட்டது இல்லை.

எவ்வளவு நீளும்? அதே கயிற்றில் 2 மீட்டரை மாங்கிளையில் கட்டி, 20 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டேன். 3.2 செ.மீ. நீண்டது, அதாவது நூற்றுக்கு 1.6. எனவே ஒரு கிலோ இழுப்புக்கு ஒவ்வொரு துண்டும் தன் நீளத்தில் 1250-இல் ஒரு பங்கு நீளும். இதைச் சேர்ப்பது மிக எளிது. நடந்து போகும்போது 1.525 என்ற நீளத்துக்குப் பதிலாக, அதை (1 + இழுவிசை ÷ 1250) என்பதால் பெருக்கிக்கொள்ள வேண்டும். மாறிகள் அதே இரண்டு, சமன்பாடுகள் அதே இரண்டு.

இந்த முறை விடை: கி = 32.3, தூண் முனையில் 35.0 கிலோ, தொய்வு 85 செ.மீ. தராசில் 34.2, டேப்பில் 87. நிஜத்தில் இழுப்பு கொஞ்சம் குறைவு, தொய்வு கொஞ்சம் கூடுதல். கயிறு சற்று நீளமாக இருந்தால் இரண்டும் இப்படித்தான் ஒரே பக்கம் நகரும். எடை ஏறியதும் முடிச்சுகள் இறுகியிருக்கும் என்று நினைத்து நீளத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் கூட்டிப் போட்டேன். 87 செ.மீ., 34.2 கிலோ. இரண்டு அளவும் ஒரே திருத்தத்தில் பொருந்தியதால்தான் காரணம் முடிச்சுதான் என்று நம்புகிறேன். ஒன்று மட்டும் பொருந்தியிருந்தால் வேறு எங்கோ தேடியிருப்பேன்.

மறுபடி அந்தக் கம்பிக்கு

இப்போது கையில் நம்பகமான நிரல் இருந்தது. கொக்கியைப் பிடுங்கிய ஜி.ஐ. கம்பியைத் தரையில் நேராக்கி அளந்தேன், வளையத்திலிருந்து வளையம் 6.02 மீட்டர். எஃகின் யங் குணகம் (இழுத்தால் நீளாமல் எதிர்க்கும் அளவு) ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல். 3 மி.மீ. கம்பியின் குறுக்குப் பரப்பு 7.07 சதுர மி.மீ. நைலானுக்கு 1250 என்று போட்ட இடத்தில் எஃகுக் கம்பிக்கு 1,44,000 வரும். நூறு மடங்குக்கு மேல் விறைப்பு.

தீர்த்தேன். சுவர் முனையில் இழுவிசை 109 கிலோ. தொய்வு 26 செ.மீ., நான் கண்ணால் பார்த்த அதே ஒரு சாண். அந்த 109 எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் கீழ்நோக்கி வெறும் 13 கிலோ, சுவரிலிருந்து வெளிநோக்கி 108 கிலோ. நான் தொங்கிப் பார்த்தது கீழ்நோக்கி. கீழே இழுத்தால் கொக்கியைச் செங்கல் தாங்கும். வெளியே இழுத்தால் பிளக்கின் பிடிமானம் மட்டும்தான், அது உராய்வு. நான் சோதித்த திசையே வேறு.

ஆனால் ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. முதல் நாளே 108 கிலோ என்றால் முதல் நாளே ஏன் பிடுங்கவில்லை? மூன்று நாள் தாங்கியதே?

அப்போதுதான் தென்னையைப் பார்த்தேன். நிரலில் அதை "6.00, மாறாது" என்று எழுதியிருக்கிறேன். தென்னை மாறாததா? அன்று இரவு காற்று அடித்தது. 2.75 மீட்டர் உயரத்தில் மரம் பெரிதாக ஆடாது, ஆனாலும் 2 செ.மீ. நகர்ந்திருக்கலாம் என்று வைத்துக்கொண்டு 6.00-ஐ 6.02 ஆக்கினேன். கம்பியின் நீளமும் 6.02, இடைவெளியும் 6.02. தொய்வு என்பதே கம்பி நீண்டால்தான் உண்டு. விடை 191 கிலோ. இரண்டே சென்டிமீட்டரில் 109 கிலோ 191 ஆகிவிட்டது. காற்று வீச்சுக்கு வீச்சு இப்படி ஏறி இறங்கினால் பிளக் எத்தனை முறை தாங்கும்?

அதே 2 செ.மீ.யை நைலான் கயிற்றுக்குக் கொடுத்தேன். ஏறியது ஒரு கிலோ. 5 செ.மீ. கொடுத்தாலும் மூன்று கிலோவுக்குள்தான்.

எழுந்துபோய் அண்ணனிடம் சொன்னேன். தண்ணீர் ஏறும், இறங்கும் என்று அவர் சொன்னது, கட்டிய முனை ஒரே இடத்தில் நிற்காது என்பதைத்தான். உப்பனாற்றில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் படகு உயர்ந்து தாழ்கிறது, என் கொல்லையில் மரம் ஆடுகிறது. நான் வாரக்கணக்கில் தேடி அடைந்த எண்ணை அவர் கை முன்பே அறிந்திருந்தது. தாளைக் காட்டி, கம்பியில் ஏறிய 82 கிலோவையும் கயிற்றில் ஏறிய 1 கிலோவையும் விளக்கியபோது பொறுமையாகக் கேட்டார். "இவ்ளோ வித்தியாசமா தம்பி?" என்று அவரும் ஆச்சரியப்பட்டார்.

மழைக்காலத்துக்கும் ஒரு கணக்கு

ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மழை பிடித்தால் மண் சேறாக ஊறிவிடும். மூன்று தொட்டிகளையும் ஒரு வாளித் தண்ணீரில் முழுக வைத்து எடுத்து நிறுத்தேன்: 10, 15, 6.5. மொத்தம் 31.5 கிலோ. நிரலில் போட்டால் தூண் முனையில் 42 கிலோ. எடை நூற்றுக்கு 26 கூடியிருக்கிறது, இழுப்பு நூற்றுக்கு 20 மட்டுமே. எடை ஏற ஏறக் கயிறு நீண்டு, இன்னும் இறங்கி, தனக்கு நல்ல சாய்வைத் தேடிக்கொள்கிறது. நேரியல் இல்லாத சமன்பாடு என்று சொல்வது இதைத்தான். இரட்டிப்பு எடைக்கு இரட்டிப்பு விசை என்று மனக்கணக்குப் போடக்கூடாது.

இரண்டு மாறி வழிக்கு ஒரு எல்லை உண்டு. ஒற்றைக் கயிறு, நேர்கீழ் எடைகள் இருந்தால்தான் அது நடக்கும். மொட்டை மாடியில் நிழல் வலை கட்டினாலோ புடலைப் பந்தலுக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி போட்டாலோ முடிச்சுக்கு முடிச்சு இடம் தேடும் அந்த முதல் வழிக்குத்தான் திரும்ப வேண்டும். அங்கே நியூட்டன் முறை அடம்பிடித்தால், முடிச்சுகளுக்குக் கற்பனையாகக் கொஞ்சம் நிறையும் உராய்வும் கொடுத்து, ஆடவிட்டு, தானாக ஓயும்வரை காத்திருக்கும் முறை ஒன்று உண்டு. 1965-இல் ஏ. எஸ். டே எழுதியது. அணி எதுவும் தேவையில்லை, பூச்சியக் கோவை என்ற செய்தியும் வராது. மெதுவானது, ஆனால் கைவிடாது. மூன்று தொட்டிக்கும் அப்படி ஓட்டிப் பார்த்தேன், அதே 85 செ.மீ.யில் வந்து ஓய்ந்தது. இரண்டு வெவ்வேறு வழி ஒரே இடத்தில் நின்றால்தான் எனக்கு நிம்மதி.

இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. தொங்கும் கயிற்றின் வடிவத்தைத் தலைகீழாக்கினால் அதே எடைகளைத் தாங்கி நிற்கும் வளைவு கிடைக்கும். ராபர்ட் ஹூக் 1675-இல் எழுத்துகளைக் கலைத்துப் புதிராக வெளியிட்ட உண்மை அது. இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஆரோவில்லில் அழுத்திய மண்கட்டிகளால் கட்டிய வளைகூரைகளைப் பார்த்திருக்கிறேன். முன்பு அழகு என்று மட்டும் பார்த்தேன். அடுத்த முறை போகும்போது ஒவ்வொரு வளைவிலும் தலைகீழாக ஒரு கயிற்றைத் தேடிப் பார்ப்பேன் என்று நினைக்கிறேன்.

கயிறு கட்டி ஒரு வாரம் கழித்து அளந்தேன். தொய்வு 90 செ.மீ., தராசில் 33 கிலோ சில்லறை. நைலான் எடையிலேயே கிடந்தால் மெல்ல மெல்ல இன்னும் நீளும். வெயிலிலும் வலுவிழக்கும், அதனால் வருடம் ஒருமுறை மாற்ற எண்ணியிருக்கிறேன். நான் இவ்வளவு தொய்வை ஒரு குறையாகவே நினைத்து, "கொஞ்சம் இறங்கித்தான் தொங்குதும்மா" என்று தயங்கிச் சொன்னேன். அம்மா செம்பில் தண்ணீரோடு வந்து வெற்றிலைத் தொட்டியின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்கும் கீழேதான் இருக்கிறது. "இப்பத்தான்டா எனக்கு எட்டுது. போன தடவ நீ கட்டினதுக்கு முக்காலி போட்டுல்ல ஊத்தினேன்" என்றார்.

பழைய துளையைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டேன். தூணில் கயிறு கட்டிய இடத்திலிருந்து 90 செ.மீ. கீழே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, வெற்றிலை முடிச்சு அந்தக் கோட்டின் மட்டத்துக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துவருகிறோம். தண்ணீர் ஊற்றியதும் கோட்டுக்குக் கீழே போகும், இரண்டு நாள் வெயிலில் மேலே வரும். நேற்று இரவு மழை பெய்தது. காலையில் நான் எழுந்திருக்கும் முன்பே கொல்லையிலிருந்து குரல் வந்தது: "டேய், இன்னிக்கு ரெண்டு விரக்கடை இறங்கியிருக்கு, வந்து எழுதிக்க."